பச்சைப் பாட்டிலும் பெருந்துறைச் சம்பந்தமும்

என் அண்ணி புஷ்பலீலா மலேசியாவில் ஈப்போவிலிருந்து எங்கள் சிங்காநல்லூர் வீட்டுக்கு வாழ வந்தபோது, இரண்டு பெட்டி துணியும் ஒரு டின் மைலோப் பொடியும் ஒரு பச்சை பிளாஸ்டிக் பாட்டிலும் கூடவே வந்தன. துணியைப் பங்கு போட்டுக்கொண்டோம். மைலோவை என் அப்பா வெள்ளியங்கிரி ஒரே மாதத்தில் காலி செய்தார். அந்தப் பாட்டில்தான் என் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

அண்ணன் கிருபாசங்கர் பம்ப்செட் கம்பெனியில் மெக்கானிக். தொண்ணூற்று நாலில் அவனை ஈப்போவுக்கு வேலையாக அனுப்பினார்கள். வேலையை முடித்தானோ இல்லையோ, பெண்ணைப் பார்த்துக்கொண்டான். லீலாவின் பாட்டனார் காங்கேயம் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் என்று தெரிந்ததும் அப்பா சமாதானமாகிவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு இவனுக்கு அப்படி என்ன அவசரம்?

ஆனால் அண்ணி மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிற ரகம் இல்லை. குழாயில் சிறுவாணித் தண்ணீர் என்றைக்கு வரும், போர் உப்புத்தண்ணீர் எதற்கு ஆகும் என்பதையெல்லாம் வந்த வேகத்தில் தெரிந்துகொண்டாள். நமக்கு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' வருவதுபோல அவளுக்கு 'லா' வரும். கொஞ்ச நாளில் இரண்டையும் கலந்து, "தக்காளி என்னா வெலைங்கலா?" என்று காய்க்காரரைக் கேட்க ஆரம்பித்தாள். அரிசிப்பருப்புச் சோற்றில் நெத்திலிச் சம்பலைப் போட்டுப் பிசைந்தாள். அம்மா முகத்தைச் சுளித்தார், அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் அவளை டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு குளத்து மேட்டுப் பக்கம் போவான். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். பார்க்கக் கடுப்பாக இருக்கும்.

இனி அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். இந்தியாவில் கொதிக்காத தண்ணீர் குடித்தால் நேரே ஆஸ்பத்திரிதான் என்று ஈப்போவிலிருக்கும் அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அண்ணி தினமும் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றிக்கொள்வாள். எங்கே போனாலும் அது கூடவே போகும். எங்கள் பக்கத்திலோ, வாசல்படி ஏறியவர் யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிடுவோம். பேருக்கு ஒரு மடக்காவது குடிக்க வேண்டும். அண்ணி விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுங்க, எங்கிட்ட தண்ணி இருக்கு" என்று பாட்டிலைத் திறந்தாள். "அதனாலென்னங்க அம்மணி" என்று எல்லாரும் வாய் நிறையச் சொல்லிவிட்டு, அவள் தலை மறைந்ததும் நம்ம ஊட்டுத் தண்ணி மகாராணிக்கு ஆகாதாக்கும் என்று பேசினார்கள். அவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. என் அம்மா நாச்சியம்மாளும் சொல்லவில்லை. "தூரதேசத்துல இருந்து வந்த புள்ள, மனசு நோகுமில்லீங்க" என்பார். நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அது சில நேரம் ஆளையே கொல்லும்.

அந்தச் சமயத்தில்தான் பெருந்துறையிலிருந்து குழந்தைவேல் என்னைப் பெண் பார்க்க வந்தார். சொந்தமாகத் தறிக்கூடம் வைத்திருந்தார். "சினிமாப் பாப்பீங்களா?" என்று கேட்டார். "பாப்பனுங்க, அழுகைப் படம் மட்டும் ஆகாது" என்றேன். சத்தமாகச் சிரித்தார். எனக்கு அது போதும். அன்றைக்கே மனசுக்குள் மாலை மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அடுத்து எங்கள் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். பெண் போகிற வழக்கமில்லை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். நடந்ததை அப்பா வந்து சொன்னார். குழந்தைவேலின் அம்மா ராசாத்தாள், புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகத் தறி ஓட்டி மகனை ஆளாக்கியவர். சீமையிலிருந்து வந்த மருமகள் என்று, முதல் சொம்பை அண்ணியிடமே கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். அண்ணி சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்திருக்கிறாள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் தண்ணீரைத் தொடாமல் எழுந்தால், இடம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்பா கையை நீட்டுவதற்குள் ராசாத்தாள், "செரிங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சொம்போடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தரகர் நரசிம்மலு வந்தார். "அந்தம்மா வேண்டாங்கறாங்க. எங்க தண்ணியே ஆகாதவங்களுக்கு எங்க ஊடு எப்படி ஆகும்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். கடைக்குப் போயிருந்த அண்ணி திரும்பி வந்து, "என்னாச்சு, ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்றார் அம்மா.

எனக்குத் தாங்கவில்லை. "ஒண்ணுமில்லையா? உங்க பாட்டிலால என்ற கல்யாணம் நின்னு போச்சு. வந்த நாள்ல இருந்து எந்த ஊட்டுலயாவது ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா? ஊரே சிரிக்குது" என்று ஆரம்பித்து, இத்தனை மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். நன்றாகத்தான் திட்டினேன்.

அண்ணி அழுவாள் என்று பார்த்தால், அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "இத்தனை நாளா ஏன்லா யாருமே சொல்லலை? சொல்லியிருந்தா குடிச்சிருப்பேனே. கேக்கும்போதெல்லாம் பரவாயில்லைங்க, பரவாயில்லைங்கன்னா எனக்கு எப்படித் தெரியும்? விருந்தாளியைத்தான் யாரும் திட்டமாட்டாங்க. நான் இங்க விருந்துக்கா வந்தேன்?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அண்ணி, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் ஏறித் தனியாகப் பெருந்துறை போய் இறங்கியிருக்கிறாள். தறிக்கூடத்து வாசலில் நின்று, "அத்தை, குடிக்கத் தண்ணி வேணுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

ராசாத்தாள் மேலும் கீழும் பார்த்திருக்கிறார். "பாட்டில் எங்கீங்க அம்மணி?"

"வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேங்க."

"வவுறு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?"

"ஆனா ஆகட்டுங்க. தப்பு என்னோடது. என் நாத்தனார் மைனாவதிக்கு உங்க வீட்டை ரொம்பப் புடிச்சிருக்கு. என்னால அது கெட்டுப் போகக் கூடாது."

சொம்பு நிறையக் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறாள். ராசாத்தாள் சிரிக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. "ரோசிக்கறேனுங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். வெயிலில் வாடி வந்து இதையெல்லாம் அவள் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கூடப் பிறந்தவன்கூட எனக்காகப் பஸ் ஏறவில்லை.

அன்று ராத்திரியிலிருந்தே அண்ணிக்கு வயிறு கட்டுக்கு நிற்கவில்லை. காரணம் அந்தத் தண்ணீரா, பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் மிளகாய்ப்பொடி தூவி வாங்கித் தின்ற மாங்காய்ப் பத்தையா என்பது கடவுளுக்கே வெளிச்சம். மாங்காய் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். நரசிம்மலு போய் என்ன சொன்னாரோ, இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் ராசாத்தாளே ஒரு பை மாதுளம்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "என்ற ஊட்டுத் தண்ணியக் குடிச்சு அந்தப் புள்ள படுத்துக் கெடக்குதாமா?" என்று கேட்டபடி நேரே அண்ணியின் கட்டிலில் போய் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தண்ணீர் கொடுக்கவே பயம். கொடுத்து அவர் வேண்டாமென்றுவிட்டால், அதோடு கதை முடிந்தது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்பதால் சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவே முடியாது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அண்ணிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஈப்போவில் வீட்டுக்கு வந்தவரை முதலில் கேட்பதையே அவள் கேட்டாள். தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, "அத்தை, பசியாறியாச்சா?" என்றாள்.

அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. சம்பந்தத்துக்கு ஆமாவா இல்லையா, சொல் என்று கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டதுபோல் ஆகிவிட்டது.

ராசாத்தாள் அண்ணியைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தார். "இல்லீங்க அம்மணி. பஸ்ஸுல வந்தது நல்லாப் பசிக்குது. இலை போடச் சொல்லுங்க" என்றார். "அந்தப் புள்ளையே பரிமாறட்டும்."

இலையை விரித்தேன். அவசரத்தில் சோறு பாதி இலைக்கு வெளியே விழுந்தது. அவர் கையை நனைத்துக்கொண்டு முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். அத்தை என்று கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டு நிற்க, வீட்டு மருமகளிடம் சொல்வது போலவே சொன்னார்: "என்ன பாத்துட்டு நிக்கறே? ரசத்தை ஊத்து கண்ணு."