சந்தனத்துக்கு அடியில் இருந்த சுவிட்ச்

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சித்ராதேவி அக்கா சொன்ன நாள் தவறியதில்லை. இன்று மாலை விமானத்தில் மணமக்கள் கிளம்புவதற்குள் வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவர் வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்டு தன்னை இயக்கும் டிரைவர் மென்பொருள் எதையும் ஏற்கவில்லை. எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியரான நானும் அழித்து அழித்து ஏற்றிப் பார்த்தேன்.

"படிச்ச புள்ளையே முழிச்சா எப்படிப்பா?"

"கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலா ஓட்டின கார்டா இருக்கும்க்கா. அதுக்காக கார்டுக்குள்ள இருக்குற புரோகிராமை மாத்தி எழுதியிருப்பாங்க. பழையபடி ஆக்க ஓரத்துல சுவிட்ச் இருக்கணும்."

கார்டைக் கழற்றினேன். ஓரத்தில் யாரோ ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் இறுகிக் கிடந்தது. சுரண்டத் தயங்கினேன். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகத்தால் சுரண்டினார். சுவிட்ச் தெரிந்தது. அதைத் தள்ளிவிட்டு மாட்டியதும் டிரைவர் ஏறியது.

மணமக்கள் கிளம்புமுன் வீடியோவைக் கொடுத்துவிட்டு வந்த அக்கா, கார்டில் சுவிட்சை விட்டுத் தள்ளிப் புதுச் சந்தனம் வைத்தார்.