தங்கச் சக்கரத்தில் போன சீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரமாக லாரி கழுவினேன். பிறகு லாரிக்குப் பெயின்ட் அடித்தேன். பிறகு சொந்தமாக ஷெட் போட்டேன், கள்ளிக்குப்பத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன், இரண்டு லாரிக்கு முதலாளியும் ஆனேன். எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஸ்ப்ரே கன்னை நான் பிடித்தால் பெயின்ட் வழியாது, திட்டு விழாது, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக உட்காரும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மகளைப் பருத்திப்பட்டில் கொடுத்திருக்கிறேன். அவள் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் என் மகன். சீர் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். மகளுடைய மாமனார், என் சம்பந்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. பத்திரிகை கொடுக்க வந்தவர் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"சம்பந்தி, சீரு ஆட்டோல வருதா, இல்ல பையில போட்டு பஸ்ஸுல எடுத்தாரியா?"

"எங்க ஊட்டு சீரு வரும்போது நீ வாசல்ல நில்லு. அப்பத் தெரியும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வண்டிக்குத்தான் சிக்கல். என் லாரி இரண்டும் வெளியூர் லோடில் இருந்தன. மகன் புதிதாக வாங்கிய மினி லாரி வாசலில் நின்றது. ஆனால் அதை ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தான். பாடி வெள்ளை, சக்கரம் சில்வர். ஒரு ஸ்டிக்கர் கூடாது, எலுமிச்சம்பழம்கூடத் தொங்கக் கூடாது. இப்படியா சீர் கொண்டுபோவது? ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருந்தது.

"சக்கரத்துக்காவது கலர் அடிக்கலாம்டா" என்றேன்.

"நைனா, சும்மா இரு. வெள்ளிக்கெழம வண்டிய சுத்தி சுத்தி போட்டோ எடுத்துக்கினு போயிட்டாங்க. திங்கக்கெழம காத்தால மொத ட்ரிப்பு. கலர் மாறியிருந்தா கேட்டோட திருப்பி அனுப்பிடுவான். அப்பறம் ஒப்பந்தம் இன்னொருத்தனுக்குப் போயிடும்."

அவன் சொல்வது நியாயம்தான். அந்த ஒப்பந்தத்துக்காக அவன் எத்தனை நாள் அலைந்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சனிக்கிழமை அம்பத்தூரில் வண்டி அலங்காரச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இது ரப்பர் மாதிரி காயும் அண்ணாத்தே. வேணும்ங்கிற வரைக்கும் வெச்சுக்க. வேணாம்னா தோல உரிக்கிற மாதிரி உரிச்சுப் போடு. அடியில கீற கலர் அப்படியே இருக்கும்."

ஒரு தகரத்தில் அடித்து வைத்திருந்த பச்சையை என் கண்ணெதிரே உரித்துக் காட்டினார். வாழை இலை மாதிரி வந்தது. தங்கக் கலர் இருக்கிறதா என்றேன். இருந்தது. அவர் சொன்ன அளவுக்கு ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். டயரில் பெயின்ட் படக் கூடாதே? எங்கள் பக்கத்துச் சொந்தங்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த காதுகுத்துப் பத்திரிகைகளை டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே வரிசையாகச் சொருகினேன். நல்ல தடி அட்டை, கச்சிதமாக நின்றது.

"மஞ்சா தடவின பத்திரிகைய டயர்ல சொருகுறியே, நீ இன்னா மனுசன்யா!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மகன் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "அஞ்சு கோட் தடியா அடிக்கணும்னு போட்டுக் கீது நைனா" என்றான்.

"டப்பா விக்கிறவன் அப்படித்தான்டா எழுதுவான். எனக்கே பெயின்ட் சொல்லித் தரியா?"

மெல்லிசாக ஒரே கோட் அடித்தேன். பளபளவென்று தங்கம். முக்கால் பெட்டி டப்பா மிச்சம்.

மறுநாள் காலை பருத்திப்பட்டு ஏரிக்கரையிலிருந்து சீர் ஊர்வலமாகப் போனதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் மேளம், பின்னால் பழத்தட்டுகள், வண்டி மேலே பையனுக்கு மூன்று சக்கரச் சைக்கிள், கடுக்கன் வைத்த தட்டோடு என் மனைவி. வெயில் பட்டதும் சக்கரம் நான்கும் சுழன்று சுழன்று மின்னின. ஏரிக்கரையில் நடக்க வந்தவர்களெல்லாம் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். ஆளை எடுக்கவில்லை, சக்கரத்தை எடுத்தார்கள்.

சம்பந்தி வாசலில்தான் நின்றார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, தங்கமா, முலாமா?"

"தொட்டுப் பாரு. சொரண்டாதே."

விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு வழி விட்டார். பேரன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கத்தின கத்தல் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு மதியம் வீடு திரும்பி, உரிக்க உட்கார்ந்தோம். நகத்தால் கிளப்பினேன். குன்றிமணி அளவுக்கு வந்து அறுந்தது. மறுபடி கிளப்பினேன். அதே கதை. அவித்த முட்டையின் ஓடு சில சமயம் சதையோடு ஒட்டிக்கொண்டு படுத்துமே, அப்படி.

"தின்னர் போட்டுத் தொடைச்சுடலாமா?" என்றான் மகன்.

"போட்டா அடியில இருக்கிற சில்வரும் சேந்து போயிடும்டா."

அவன் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே இருந்தான். திட்டியிருந்தால் தேவலை. என் சீருக்காக என் பிள்ளையின் பிழைப்பு கம்பெனி கேட்டிலேயே நின்றுவிடும் போலிருக்கிறதே என்று எனக்குப் பிரியாணி நெஞ்சிலேயே நின்றது.

அப்போது மாடியிலிருந்து என் மருமகள் இறங்கி வந்தாள். தேனிப் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முகம் முழுக்கக் கறுப்பாக ஏதோ பூசிக் காயவிட்டிருந்தாள். பார்த்ததும் என் மனைவி, "ஆத்தாடி!" என்று ஒரு அடி பின்னால் போனாள்.

மருமகள் சக்கரத்தைப் பார்த்தாள், எங்கள் விரல்களைப் பார்த்தாள், சிரிக்கவும் முடியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு பேசினாள்.

"மெல்லிசா அடிச்சீங்களா மாமா? அதான் உரிய மாட்டேங்குது. மொகத்துல பூசி உரிக்கிற இந்த மாஸ்க்கையும் நான் மொத தடவை மெல்லிசாப் பூசிட்டு அழுதேன். மேலயே இன்னும் தடியாப் பூசிக் காயவிட்டா, பழசையும் பிடிச்சுக்கிட்டு ஒண்ணா வந்துரும். இங்க பாருங்க."

தாடையில் நகத்தை வைத்து இழுத்தாள். நெற்றி வரைக்கும் ஒரே தோலாக வந்தது. உள்ளே முகம் பளிச்சென்று இருந்தது.

"எடுக்க வேண்டிய பெயின்ட் மேல இன்னும் பெயின்ட்டா?" என்றேன். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு என்ன பேச? கடைக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. நான் மிச்சம் பிடித்ததால்தானே முக்கால் பெட்டி டப்பா கையில் இருந்தது!

பத்திரிகைகளை மறுபடி சொருகினேன். தடியாக அடிக்க என் கை கூசியது. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு வழியவிட்டதில்லை, இப்போது வேண்டுமென்றே மொத்தையாக அப்பினேன். கோட்டுக்குக் கோட் காயவிட்டு, டப்பா தீரும் வரை அடித்தேன். வீட்டு ஃபேன்கள் எல்லாம் வாசலுக்கு வந்தன. மேற்கு வெயிலும் உதவியது.

பொழுது சாய்வதற்குள் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். வந்தது! போல்ட் அச்சுகூட அழியாமல், முழுச் சக்கரம் அகலத்துக்கு ஒரே தங்கத் தோல். தெருவே கூடிவிட்டது. எதிர் ஃபிளாட்காரர்கள் "நாங்க ஒண்ணு உரிக்கிறோமே அங்கிள்" என்று வந்து நின்றார்கள். ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தேன், ஒன்றை மகனும் மருமகளும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். கடைசியை என் மனைவிக்கு வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, சீர்த்தட்டுகளில் பலகாரம் வைத்துத் திருப்பிக் கொடுக்க சம்பந்தி வந்து இறங்கினார்.

"அடப்பாவி, தங்கத்த அதுக்குள்ள உரிச்சு எடுத்துக்கினியா?"

ஒரு தோலை மடித்து அவர் தோளில் துண்டு மாதிரி போட்டேன். "இந்தா, சம்பந்தி மரியாதை."

திங்கட்கிழமை காலை மகன் போன் செய்தான். "நைனா, கேட்ல நிறுத்திட்டாங்க."

"ஏன்டா?"

"வீலு இப்படி பளபளங்குதே, புதுசா மாத்துனியான்னு கேட்டாரு செக்யூரிட்டி. இல்லன்னேன். வால்வு ஓரத்துல துளி தங்கம் ஒட்டிக்கினு இருந்ததப் பாத்துட்டாரு. விஷயத்த சொன்னேன். சிரிச்சுட்டு, 'எந்தக் கடை?'ன்னு கேட்டு எழுதிக்கினு உள்ள அனுப்பிட்டாரு."

அன்றைக்கே அந்தக் கடைக்குப் போனேன்.

"இத மெல்லிசா அடிக்கக் கூடாதுப்பா, தடியா அஞ்சு கோட் அடிக்கணும். வரவங்ககிட்ட சொல்லு" என்றேன்.

"அதான் டப்பாவுலயே போட்டுக் கீதே அண்ணாத்தே!"

"டப்பாவில ஆயிரம் போட்டிருக்கும். உரிச்சுப் பாத்தவன் சொல்றேன்."