என்னை அனுப்பினவங்க சொல்றாங்க

இஸ்திரிப் பிரிவு அக்காவின் நியமன ஆணையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் எழுத்தர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது, அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. நீராவிக்கு நடுவே நின்றிருந்தவர் ஈரக்கையைச் சேலைக்கு மேல் போட்டிருந்த கோட்டில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

"இது எதுக்குத் தம்பி?"

"தொழிலாளர் கமிட்டிக்கு உங்களைப் பிரதிநிதியாப் போட்டிருக்காங்கக்கா."

"யாருக்குப் பிரதிநிதி?"

"இங்க வேலை பாக்கற எல்லாருக்கும்."

"யாரு போட்டது?"

"மேனேஜர்."

"நல்ல கதையா இருக்கே! கல்யாணம் எங்களுக்கு, மாப்பிள்ளை பாத்தது அவரா?"

மேனேஜர் அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் எனக்குத் தெரியும். "வாயில்லாப் பூச்சிப்பா அது. துணி வாங்கற கம்பெனிக்காரன் தணிக்கைக்கு வர்றான். கமிட்டின்னு ஒண்ணு இருக்கணும், அதுல தலையாட்ட ஒரு ஆள் இருக்கணும்" என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

ஆணையில் பிரதிநிதி. மேனேஜர் வாயில் 'நம்ம ஆள்'. தையல் பிரிவில் 'கம்பெனி ஏஜெண்ட்'. வீட்டில் அவருடைய கணவர், "தூதுவர் வந்தாச்சு, இன்னைக்காவது சோறு உண்டா?" என்பாராம். பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் அவருடைய நாத்தனார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "கைத்தடி." எல்லாம் இன்னொருவருக்காக நிற்கிற ஆளைக் குறிக்கும் சொற்கள்தான். ஆனால் தூதுவர் சொன்னதைச் சுமப்பவர். ஏஜெண்ட் காரியம் முடிப்பவர். பினாமி பெயரை மட்டும் இரவல் தருபவர். நிர்வாகம் தேடியது ஒரு பினாமியை. அக்காவோ ஆணையில் இருந்த சொல்லையே பிடித்துக்கொண்டார்.

இஸ்திரிப் பிரிவின் பின்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். துணி திருட்டுப் போகிறதென்று சாவியை மேனேஜர் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். ஒருநாள் முன்வாசலை ஒட்டிய நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டது. பெண்கள் பின்கதவுக்கு ஓடி, ஃபிட்டர் வந்து வால்வை மூடும்வரை உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் பூட்டும் அப்படியே இருந்தது.

கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் அக்கா மேசை மேசையாகப் போனார். "உன் சார்பா நான் என்ன சொல்லணும்?"

நாத்தனார் சிரித்தார். "அந்தப் பூட்டை உடைச்சு மேனேஜர் தலையில போடணும்னு சொல்லுங்க அண்ணி. சொல்லிடுவீங்களா?"

கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

"சார், கதவோரத்து மேசைக்காரங்க அந்தப் பூட்டை உடைச்சு உங்க தலையில போடணும்னு சொல்றாங்க."

மேனேஜரின் டீ தட்டில் சிந்தியது. "என்ன பேசற நீ?"

"நான் பேசலையே சார். என்னை அனுப்பினவங்க சொல்றாங்க."

"உன்னை அனுப்பினதே நான்தான்!"

"உங்களுக்காகப் பேசத்தான் நீங்களே இருக்கீங்களே சார்."

"சரி, நீ என்ன நினைக்கிற? அதைச் சொல்லு."

"நான் நினைக்கறதைச் சொல்ல இந்த நாற்காலி எதுக்கு சார்? அதை வீட்டுலயே சொல்லிக்குவேன்."

கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்த நான் ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தேன். "தலையில பூட்டு போடறதையெல்லாமா எழுதுவ?" என்று மேனேஜர் சீறினார். "பேசினதைத்தானே சார் எழுதணும்" என்றேன்.

தணிக்கை நெருங்கியபோது மேனேஜர் பாகாய் உருகினார். என் எதிரிலேயே அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சூப்பர்வைசர் இடம் காலியா இருக்கும்மா. உன்னைப் போடலாம்னு இருக்கேன். வர்றவர் கேட்டா, கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்னு சொல்லிடு."

அக்கா எழுந்தார். "கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

"வீட்டுக்காரரையா? கேட்டுட்டு வா, கேட்டுட்டு வா." மேனேஜர் காரியம் முடிந்ததென்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நேராக இஸ்திரிப் பிரிவுக்குப் போய் துணி அடைத்த ஒரு அட்டைப்பெட்டியின் மேல் ஏறி நின்றார். கோப்பு வாங்கப் போவதுபோல நானும் பின்னாலேயே போனேன்.

"இங்க கேளுங்க. பூட்டைப் பத்தி நான் பொய் சொன்னா சூப்பர்வைசர் வேலை தரேங்கறாங்க. எடுத்துக்கவா, வேண்டாமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "விளையாடாதீங்கக்கா!"

"விளையாட்டில்லை. உங்க பேரைச் சொல்லித்தான் என்னை விலை பேசறாங்க. அப்ப உங்களைத்தானே கேக்கணும்?"

சிரிப்பு நின்றது. நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "தாராளமா எடுத்துக்கங்க அண்ணி, சம்பளம் கூட வரும். ஆனா முதல் நாளே அந்தப் பூட்டு உங்க தலையில விழும்."

சொல்லிவிட்டுத் தன் இஸ்திரிப் பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைத்தார். "சாவியைக் கேளுங்கக்கா" என்று அடுத்த மேசைக்காரரும் அணைத்தார். பிறகு அடுத்தவர். நீராவிச் சத்தம் ஓய்ந்து, அந்தக் கூடத்தில் முதன்முறையாக ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்டது.

மேனேஜர் ஓடிவந்தார். வாசலில் சரக்கு ஏற்ற லாரி காத்திருந்தது.

"கேட்டுட்டேன் சார்," என்றார் அக்கா, அட்டைப்பெட்டியிலிருந்து இறங்காமலே. "வேண்டாங்கறாங்க. சாவியைக் கேக்கறாங்க."

"நீ இனிமே பிரதிநிதியே இல்லை! எடுத்துட்டேன் உன்னை. இறங்கு!"

"எடுத்துட்டீங்களா? நல்லது. அப்ப இனிமே எனக்காக நானே பேசலாம்." அவர் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். "சாவியைக் குடுங்க!"

ஒரு பெண்ணும் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. லாரி ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் மேனேஜர் என் பக்கம் திரும்பி, "போய் எடுத்துட்டு வா" என்றார். நான் நடந்து போகவில்லை, ஓடினேன்.

பின்கதவு இப்போது வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கிறது, ஒரு காவலாளி அங்கே உட்கார்ந்திருக்கிறார். கமிட்டிக்கு நியமன ஆணை கிடையாது, கைதூக்கித்தான் ஆள் எடுக்கிறார்கள். இந்த ஆண்டு நாத்தனார். அக்காவுக்குச் சூப்பர்வைசர் பதவி வரவில்லை, கேட்கவும் இல்லை. கொதிகலனுக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே சூடான மேசைக்கு அவரை மாற்றிவிட்டார்கள். அங்கேதான் நின்று இஸ்திரி போடுகிறார்.