கற்பூரம் போன படம்

என் தங்கை அத்தாயி காய்ச்சலில் போனபோது அவள் புருஷன் அர்த்தனாரி அழவில்லை. காரியம் முடிந்ததும், "மச்சான், ராசிபுரம் போவோணும். அவ மூஞ்சிய காயிதத்துல போட்டு வாங்கிட்டு வரலாம்" என்றான்.

அவளுக்கு இருந்தது ஒரே படம். ஜெர்மன் சண்டைக்கு முந்தி, மலைமேல் எங்கள் ஆலத்தூர் நாட்டுக்குச் செடி சேகரிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், அவளைச் சாமைக் காட்டில் நிற்கவைத்துப் பிடித்தார். கூடாரத்திலேயே கழுவி, காகிதத்தில் போடாமல் வெறும் ஃபிலிம் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கடுப்புதான்.

அர்த்தனாரி அதைச் சுருட்டி, விதைச் சாமை இருந்த சுரைக்குடுவைக்குள் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தான். கெட்டுப்போகக் கூடாத எதையும் மலையில் அங்கேதான் வைப்போம். சூடும் புகையும் பட்டால் பூச்சி அண்டாது. வருஷாவருஷம் விதை மாறும்; ஃபிலிம் மட்டும் அங்கேயே கிடந்தது.

ராசிபுரத்து ஸ்டுடியோக்காரர் மாதேஸ்வரன் சுருளை விரிக்கப் பார்த்தார். ஓரம் அப்பளம் போல் நொறுங்கியது.

"ஏனுங்க, அடுப்புக்கிட்டயா வெச்சிருந்தீங்க? இதுல கற்பூரம் கலந்திருக்குதுங்க. அது இருக்கறவரைக்கும்தான் வளையும். சூட்டுல பூராம் ஆவியாப் போயிருச்சு."

"சாமி கும்புடற கற்பூரமுங்களா?"

"அதேதானுங்க."

அர்த்தனாரி வெளியே போய் ஒரு பொட்டலம் கற்பூரம் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தான்.

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. ஒரு டப்பாவில் கற்பூரத்தையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சையும் போட்டு, ஃபிலிமை உள்ளே தொங்கவிட்டு மூடினார். சாயங்காலம் திறந்தபோது அது இளகியிருந்தது. நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. முகம் இருந்தது அங்கேதான். ஒட்டியதைப் பிரிக்க அவர் ஒரு சீசாவைத் திறந்து அசிட்டோன் ஒரு சொட்டு விட்டார். அசையவில்லை. இன்னொரு சொட்டு விட்டார். அதில் அந்த இடத்து ஃபிலிமே கரைந்துவிட்டது. விரித்துப் பார்த்தால் சேலை இருந்தது, கை இருந்தது. கழுத்துக்கு மேலே கஞ்சிதான்.

"தப்பாயிருச்சுங்க" என்றார்.

"பரவால்லீங்க" என்றான் அர்த்தனாரி.

மலையேறும்போது அவன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். ஒருதரம் அழுதுதான் தொலையேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மழை பிடித்ததும் அந்தக் குடுவையை இறக்கிச் சாமையை விதைத்தான். சில நாள் கழித்து நான் போனபோது காட்டோரம் உட்கார்ந்திருந்தான். சாமை முழுக்க முளைத்திருந்தது.

"வெதைக்கு ஒண்ணும் ஆவல மச்சான்" என்றான்.