குழலுக்குள் இருந்த சூடு

பாத்திமா செய்த பொடியில் பிழை இல்லை. அதைக் கெடுத்தவள் நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் அவளை அறியமாட்டீர்கள் என்ற துணிச்சலில்தானோ?

திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில், பொருளின் உள்ளமைப்பைக் காந்தத்தால் அறியும் என்.எம்.ஆர். கருவியை இயக்குவது என் பணி. அரிசி மணி போன்ற குழலில் பொடியை அடைத்து, காந்தத்தின் நடுவே சாய்வாக நிறுத்தி, காற்றால் சுழற்றுவோம். வேகம் கூடினால் நல்லது. திரையில் மேடாகக் கலங்கிக் கிடப்பது கூரிய கோடுகளாகப் பிரியும். போலிக் கோடுகள் ஒதுங்கிவிடும். ஆனால் உராய்வில் குழல் சுடும். சூடு தாங்காத பொருளென்றால் குளிர்ந்த காற்றைச் செலுத்திக் காத்திருக்க வேண்டும். வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம்... அவ்வளவுதான்!

மேலப்பாளையத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி பாத்திமா. நீரைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் ஒரு மருந்துப் படிகத்தை இரண்டு ஆண்டு முயன்று செய்திருந்தாள். கிடைத்தது ஒரு சிட்டிகை.

"பைய சுத்துங்கக்கா. உள்ள தண்ணி இருக்கு."

"என்னட்டி, புள்ளையத் தொட்டில்ல போடச் சொல்லுத மாதிரி சொல்லுத?"

"தொட்டில்ல போட்ட புள்ள எங்கயும் போவாது. இது ஓடிரும்க்கா!"

சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனாள். சற்று நேரத்தில் பாளையங்கோட்டைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைப்பு. "ஏம்மா, பாப்பாக்கு மேலு சுடுது. சீக்கிரம் வாரீயளா?"

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

வேலையை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பாத்திமாவுக்கு ஒதுக்கிய நாள் போய்விடுமே... பிள்ளையைச் சாக்கிட்டு ஓடுகிறாள் என்பார்களே... குளிர்காற்றைத் திறக்கவில்லை. வேகத்தை ஒரே மூச்சில் உச்சத்துக்கு ஏற்றினேன். திரையில் வெப்பநிலை இயல்பாகவே இருந்தது. அது சுற்றியுள்ள காற்றின் சூடு, குழலுக்குள் இருக்கும் சூடு அல்ல. எனக்குத் தெரியும்! வெப்பமானி என்ன சொன்னாலும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் நான்.

கோடுகள் அழகாக வந்தன. நீரின் கோடு மட்டும் இல்லை.

மறுநாள் பாத்திமாவின் நெறியாளர் தாளைப் புரட்டினார். "தண்ணியே இல்லையேம்மா. வெறும் பொடியையில்லா கொண்டாந்திருக்க!"

பாத்திமா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, வேகமாச் சுத்திட்டீயளோ?"

"இல்லையே. நீ சொன்ன மாதிரிதான்."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! காய்ச்சலில் கிடந்த குழந்தைக்காகவா சொன்னேன்? இல்லை. குழந்தை அதற்குள் தேறிவிட்டிருந்தாள். எனக்காகத்தான் சொன்னேன்.

அந்தப் படிகம் அவளுக்கு மறுபடி கிடைக்கவே இல்லை. எட்டு மாதம் முயன்றாள். பிறகு ஆய்வையே விட்டுவிட்டாள்.

அன்றைய கோப்பு கணினியில் இருக்கிறது. சுழன்ற வேகத்தை அதுவே குறித்துவைத்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் அழிக்கவில்லை... காட்டவும் இல்லை.

சென்ற மாதம் பாளையங்கோட்டைப் பேருந்தில் அவளைப் பார்த்தேன். அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"பாப்பா எப்படி இருக்காக்கா? அன்னைக்குக் காய்ச்சல்னு ஓடுனீயளே..."

பிறகு சன்னலைப் பார்த்தபடி, "அந்தப் பொடிய நாந்தான் ரொம்பக் காயப் போட்டுட்டேன் போல. என்னக்கா?" என்றாள்.

நான்... ஆமாம் என்று தலையாட்டினேன்.