கதவுக்குள் ஓடிய இன்ஜின்

நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் "போய் வேலையப் பாருடா" என்று நானே விரட்டியிருப்பேன். காசிமேட்டில் இருபத்திரண்டு வருஷம் மீன்பிடி லாஞ்சில் இன்ஜின் டிரைவராக இருந்தவன் நான். நடுக்கடலில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஆட்கள் கதை விட்டால், டீசல் வாடை தலைக்கேறிவிட்டது என்று கிண்டல் பண்ணியே அவர்களை ஒருவழி ஆக்கிவிடுவேன்.

அந்த இன்ஜின் சத்தம்தான் என் காதைத் தின்றது. காது மிஷின் மாட்டினால் எதிரில் இருப்பவர் பேச்சு கேட்கும், பாட்டு மட்டும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். டாக்டர் இனி கடல் வேண்டாம் என்றதும், என் இடத்துக்கு என் மனைவியின் தம்பி குமார் போனான். நான் ஒரு பழைய காரை வாங்கி மணலிக்கு ஆள் ஏற்றி இறக்குகிறேன். எனக்கு ஒரே ஒரு ஆசை, பாட்டு வேண்டும். ஓட்டும்போது முழங்கால் கதவில் சாய்ந்துதானே இருக்கும், அது வழியாக டம் டம் என்று ஏறினால் போதும் எனக்கு.

புது ஸ்பீக்கர் போட்டும் அந்த டம் டம், பேஸ் என்பார்களே, அது வரவில்லை. கல்மண்டபத்தில் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் போனேன். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஸ்பீக்கர் இன்னாண்ணே பண்ணும், பாவம்? உள்ள பூரா ஓட்டையா கீது. பின்னால போற சத்தம் ஓட்டை வழியா முன்னால வந்து பேஸைத் துன்னுடுது. ஓட்டைய மூடுனா அது பாட்டுக்கு இடிக்கும்."

தார் மாதிரி ஒட்டுகிற கனமான ஷீட்டை வெட்டி வெட்டி ஒட்டினார். விரலால் தட்டினால் டிங் என்ற தகரம் இப்போது டொக் என்றது. மதியம் மூன்றரை இருக்கும். ஸ்பீக்கருக்கு ஒயரே கொடுக்கவில்லை, பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். ஷீட் எங்காவது தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க நான் உள்ளங்கையை வைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், கதவுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஏதோ ஒரு இன்ஜின் இல்லை, என் லாஞ்சு இன்ஜின், காது போன பிறகும் கை வைத்தே நான் பார்த்துவந்த இன்ஜின், தூக்கத்தில் தொட்டாலும் எனக்குத் தெரியும். ஆறு சிலிண்டரில் ஒன்று அடிக்கவில்லை, சுற்றுக்கு ஒரு இடி விட்டுப்போனது, திணறியது, இருமியது, நின்றுவிட்டது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பாயும் கை வைத்துப் பார்த்தார். "ஒண்ணியும் இல்லியேண்ணே. வெயில்ல நின்னது ஒத்துக்கலியா?"

"குமாருக்கு இன்னாமோ ஆயிடுச்சு பாய், லாஞ்சு ஓனருக்குப் போன் போடு!" என்று கத்தினேன். போனில் பேசினால் எனக்குப் புரியாது, அதனால் என் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம், ஆனால் மறுபேச்சு இல்லாமல் போட்டார், அதற்காகவே அந்த மனுஷனை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். "உங்க ஆளு கனா கண்டானா?" என்று ஓனர் திட்டினாராம், திட்டிவிட்டு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதிலே இல்லை. அந்தப் பக்கம் வலை விட்டிருந்த இன்னொரு லாஞ்சைத் திருப்பிவிட்டார்கள். இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள், பாதி முழுகின படகின் கூரை மேல் குமாரோடு சேர்த்து ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம். படகு ராத்திரி தாண்டியிருக்காது என்று போய்ப் பார்த்தவர்களே சொன்னார்கள்.

கரையில் இறங்கிய தம்பியை என் மனைவி அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். நான் பாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். காப்பாற்றியது எந்தச் சாமி என்று தெரியாததால் தெரிந்த சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டேன். ஏழு வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்கள், இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பேஸ் இப்போது பிரமாதமாக இடிக்கிறது. நாலு நாள் கழித்து குமாரை அதே காரில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கம் போகும்போது சொன்னேன், "பரவால்லடா, மூணரை மணி வரைக்கும் இன்ஜின ஓட்டினு வந்துட்ட."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னா மாமா சொல்ற? காலைல பத்து மணிக்கே தண்ணி பூந்து அது, வயர்லெஸ் பேட்டரி எல்லாம் முழுகிப் பூட்ச்சு. மதியத்துக்கு மேல நம்பிக்கையே இல்ல. கீழ எறங்கி, தண்ணிக்குள்ள கைய வுட்டு இன்ஜின் மேல வெச்சுகினு நின்னேன். உன்னதான் நெனச்சுகினு இருந்தேன்."

"எவ்ளோ நேரம்டா நின்ன?" என்று கேட்டேன்.

"முழுகின இன்ஜின் என் கைக்குக் கீழ ஓடி நிக்கிற வரைக்கும் மாமா" என்றான்.

வீடு வரும்வரை நாங்கள் பாட்டுப் போடவில்லை.