சீர் செட்டில் இரண்டு ஓட்டை

எங்கள் அப்பாவுக்கு எந்தப் பொருளையும் கடையில் வாங்கி வந்த மாதிரியே விட்டுவைக்கப் பிடிக்காது. டார்ச் லைட்டுக்கு வால் மாதிரி ஒயர் வைப்பார். ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் பார்ப்பார். அம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். கல்யாணத்தில் அவள் அண்ணன், அதாவது என் மாமா, சீராக வைத்த டேப் செட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கேசட்டெல்லாம் பாழான பிறகும் அது துணி போர்த்திக்கொண்டு அலமாரியில் மகாராணியாக வீற்றிருந்தது.

அந்த வருஷம் மக்காச்சோளம் கதிர் பிடித்த நேரத்தில், கல்வராயன் மலைப் பக்கமிருந்து கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. தகரம் தட்டி அலுத்துப்போன அப்பா, செல்போனில் சத்தத்தைப் பதிந்து செட்டு வழியாகச் சோளக் கொல்லையில் அலறவிடலாம் என்று முடிவு செய்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். செட்டைக் கழற்றி, உள்ளே ஈயம் வைத்து ஒயர்களை ஒட்டி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டார். ஒன்று செல்போன் பின் செருக, இன்னொன்று பைக் பேட்டரி ஒயருக்கு. வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

“ம், ரெக்கார்டிங் அமுக்கிட்டேன். கிளிய தொரத்துற மாதிரி கத்தும்மா” என்று செல்போனை என்னிடம் நீட்டினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே நுழைந்தாள்.

“ஐயையோ! எங்கண்ணன் குடுத்த செட்டுய்யா! எலி கொறிச்சாப்பல பண்ணி வெச்சிகினு கீறியே, உன் கையில கொள்ளி வெக்க! எழுந்து போய்யா அந்தாண்ட!”

அதற்குப் பிறகு வந்ததை எழுத முடியாது. அத்தனையும் செல்போனில் பதிந்துவிட்டது.

மறுநாள் அப்பா அதையே கொல்லையில் போட்டுவிட்டார். கிளிகள் பறந்த பறப்பைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அம்மா காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

“ஊரு சிரிக்க வெச்சிட்ட இல்ல? உன் வூட்டுல இனிமே எனக்கு இன்னா வேல?” என்று தியாகதுருகத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அப்பாவோடு இருந்தேன்.

அப்பா சமாதானம் பேசப் போகவில்லை. பாவம், பேசத் தெரியாத மனுஷர். சாயங்காலம் அம்மாவின் போன் வந்தால் என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். சோளத்தை அறுத்து ஏற்றியும் ஆயிற்று, அம்மா வரவில்லை. அப்பா மட்டும் மொட்டைக் கொல்லையில் தினமும் செட்டைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

“கிளிதான் இல்லியே, இன்னாத்துக்குப்பா?”

“பேட்டரிய சும்மா வெச்சா செத்துப்பூடும்மா.”

நம்பினேன். அப்பாவுக்குத் தெரியாத பேட்டரியா!

ஒரு நாள் செட்டு அலறிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போன் வந்தது. செட்டுப் பக்கத்தில் இருந்த நான் பின்னைப் பிடுங்காமலே எடுத்துவிட்டேன். “சாப்டியா கண்ணு?” என்று அம்மாவின் குரல் கொல்லை முழுக்கக் கேட்டது. அப்பா விருட்டென்று எழுந்து நின்றார்.

“சாப்டேன்மா. அப்பாதான் சரியா சாப்டறதில்ல. பேட்டரி செத்துப்பூடும்னு, நீ திட்டனத தெனம் போட்டுக் கேட்டுக்கினு குந்தினு கீறாரு” என்று நான் பாட்டுக்கு ஒப்பித்தேன்.

செட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அந்த மனுஷன மொதல்ல செட்ட நிறுத்தச் சொல்லு. நான் காலைல மொத பஸ்ஸுக்கு வரேன்.”

அப்பா துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கொடுத்த செட்டைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் அம்மா வருகிறாள், அதற்குத்தான் அப்பா அழுகிறார் என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் அதைத் துணியில் சுற்றி வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தேன்.